கடுகு குளிர்ந்த காலம்

துறைமுகத்தில் எல்லோரும் அவரைக் கடுகு என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் ஒன்றும் கடுகளவு இல்லை. இரண்டு பேர் உட்காரும் பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நிற்க வேண்டியதுதான். பெயர் உடம்பைப் பார்த்து வந்ததல்ல, வாயைப் பார்த்து வந்தது. காய்ந்த எண்ணெயில் விழுந்த மாதிரி எப்போது வெடிப்பார், யார் முகத்தில் தெறிப்பார் என்று சொல்ல முடியாது. வெடித்து ஓய்ந்ததும் ஒன்றுமே நடக்காதது போலச் சிரித்துப் பேசுவார். வாங்கிக் கட்டிக்கொண்டவருக்குத்தான் அன்று முழுக்கக் காது கொதித்துக்கொண்டிருக்கும்.

கப்பலிலிருந்து சரக்குப் பெட்டிகளை இறக்கும் பெரிய கிரேனை ஓட்டுவது அவர் வேலை. அவர் உட்காரும் இடம் வானத்தில் தொங்கும் ஒரு கண்ணாடிக் கூண்டு. கால் வைக்கும் தரையும் கண்ணாடி. குனிந்தால் இரண்டு முழங்கால்களுக்கு நடுவே இரும்பு வடங்கள் இறங்கிப் போவதும், அவற்றின் நுனியில் ஒரு லாரி அளவுப் பெட்டி ஆடுவதும், அதற்கும் கீழே எறும்பு எறும்பாக மனிதர்கள் நடப்பதும் தெரியும். அந்த எறும்புகளில் ஒருவர், வாக்கிடாக்கியில் அவருக்கு வழி சொல்லும் மேற்பார்வையாளர். சாப்பிடும்போதுகூடத் தலையிலிருந்து மஞ்சள் தொப்பியைக் கழற்றாததால் அவருக்குத் தொப்பி என்றே பெயர். கடுகும் தொப்பியும் பல வருஷமாக ஒருவரை ஒருவர் திட்டியே பெட்டி இறக்கியவர்கள். ஒரு நாள் திட்டு விழவில்லை என்றால் தொப்பிக்கு வேலையே ஓடாது.

கூண்டுக்குப் போகப் பாதித் தூரம் லிஃப்ட், மீதித் தூரம் செங்குத்தான இரும்பு ஏணி. அந்த ஏணியில் அவருக்கு மூச்சு முட்டத் தொடங்கிய வருஷம், கம்பெனியின் மருத்துவப் பரிசோதனையில் எடை கூடுதல் என்றும் சர்க்கரை எல்லைக் கோட்டில் நிற்கிறது என்றும் சொல்லிவிட்டார்கள். எடை குறையாவிட்டால் அடுத்த முறை கூண்டுக்கு அனுமதி இல்லை.

வீட்டில் அவர் மனைவியிடம் இதைச் சொன்னபோது பக்கத்தில் அவளுடைய தம்பியும் இருந்தான். அலுவலகங்களில் ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்க்கிறவன். நான்கு மாதத்துக்கு முன்னால் வரை தொப்பையோடு திரிந்தவன், இப்போது சட்டையை உள்ளே விட்டு பெல்ட் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தான்.

"மாமா, ரகசியம் ஒண்ணும் இல்ல. சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, சர்க்கரை. இந்த நாலையும் தலைமுழுகுங்க. முட்டை, மீன், கறி, கீரை, கொட்டை வகை எல்லாம் வயிறு நெறயச் சாப்பிடுங்க. உடம்பு தானா கரையும்."

"கரைஞ்சு எங்கடா போவும்?"

"உங்க வாய் வழியா வெளியேறும். ஏற்கனவே அங்கதான் நெறய போக்குவரத்து."

வழக்கமாக இந்த மாதிரிப் பேச்சுக்கு மச்சானுக்கு ஒரு வாரத்துக்குத் தேவையான திட்டு கிடைக்கும். அன்றைக்குக் கடுகு பேசாமல் யோசித்துக்கொண்டிருந்தார். ஏணியின் நினைவு.

அவரிடம் ஒரு குணம் உண்டு. எதிலும் அரைகுறை கிடையாது. மச்சான் நாலைத் தலைமுழுகச் சொன்னால் அவர் பத்தைத் தலைமுழுகினார். பழம் இனிக்கிறது, வேண்டாம். பருப்பில் மாவு இருக்கிறது, வேண்டாம். பால்கூட எதற்கு? காலையில் இரண்டு அவித்த முட்டை, மாலையில் ஒரு துண்டு மீனும் ஒரு கிண்ணம் கீரையும். முதல் வாரம் தலை வலித்தது, சுவரைக்கூடச் சுரண்டித் தின்னலாம் போலப் பசித்தது. பிறகு பசி ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. பசி போனதும் காலை முட்டையும் எதற்கு என்று அதையும் விட்டார். "வயிறு நெறய" என்று மச்சான் சொன்ன பாதி அவர் காதில் விழவே இல்லை.

எடை இறங்கியது. மழைக்காலத்தில் மண்சுவர் கரைவது போல இறங்கியது. பெல்ட்டில் புதுத் துளை போட்டார், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று போட்டார். ஏணியில் பூனை மாதிரி ஏறினார். "ஆளே மாறிட்டீங்களே" என்று எதிரே வருகிறவர்கள் சொல்லச் சொல்ல, குளித்துவிட்டு வந்ததும் நிலைக்கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று பார்த்துக்கொள்ளும் பழக்கமும் வந்தது.

குளிர் எப்போது வந்தது என்று அவருக்கே தெரியாது. கூண்டில் மதிய வெயில் நான்கு பக்கக் கண்ணாடி வழியாகவும் கொட்டும். முன்பெல்லாம் பனியனைப் பிழிந்தால் வாளி நிறையும். இப்போது அதே வெயிலில் அவர் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரல் நுனிகள் எப்போதும் ஈரக் கல்லைத் தொட்டதுபோல இருந்தன. தோளில் கை வைத்தால் மனைவி துள்ளி விலகினாள்.

"ஏங்க, ஃபிரிட்ஜுக்குள்ள கைய வச்சுட்டு வந்தீங்களா?"

சீப்பில் முடி கொத்தாக வந்தது. வயிறு நாள்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தது. இதெல்லாம் எடை குறையும்போது நடப்பதுதான் என்று அவர் தள்ளிவிட்டார். ஏனென்றால் இதோடு சேர்ந்து வந்த இன்னொன்று அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

உலகம் மெதுவாகிவிட்டிருந்தது.

கூண்டிலிருந்து பார்த்தால் கடற்பறவைகள் பறப்பதாகவே தெரியவில்லை. காற்றில் யாரோ மாட்டிவைத்த வெள்ளைத் துணிகள் போல அசையாமல் நின்றன. கப்பல்கள் தூக்கத்தில் புரண்டு படுப்பது போலத் திரும்பின. தண்ணீரின் மேல் விழும் வெளிச்சம் துண்டு துண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு துண்டும் தனியாக யோசித்துவிட்டுப் பிறகு மற்றதோடு சேர்ந்துகொண்டது. தொப்பியின் குரல் வாக்கிடாக்கியில் வரும்போது கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல இருந்தது. இத்தனை வருஷமாக இந்த அழகின் நடுவேதானா உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தோம் என்று அவருக்கு வியப்பாக இருந்தது.

கோபம் வரவில்லை. தேடிப் பார்த்தும் வரவில்லை. ஒரு முறை தொப்பி தவறான வரிசையைச் சொல்லி, ஏற்றிய பெட்டியை மறுபடி இறக்கவேண்டி வந்தது. பழைய கணக்குக்கு அது ஒரு நாள் முழுக்க வெடிக்க வேண்டிய விஷயம். கடுகு, "பரவால்ல, விடு" என்றார். கீழே தொப்பி வாக்கிடாக்கியைக் காதிலிருந்து எடுத்து, பழுதாகிவிட்டதா என்று தட்டிப் பார்த்தார்.

வீட்டில் நடந்ததுதான் பெரிய மாற்றம். பதினேழு வயது மகள் புல்லாங்குழல் பழகிக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து வந்ததும் அவள் அறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தால் போதும், கடுகு கதவைத் தட்டி, "மனுஷன் வீட்டுக்கு வந்தா கொஞ்சம் நிம்மதி வேணாமா?" என்று கத்துவார். அவள் அவரோடு பேசுவதை ஏறக்குறைய நிறுத்தியே விட்டிருந்தாள். தேவை என்றால் அம்மா மூலமாக. "அம்மா, அப்பாவ சாவி எங்கன்னு கேளு" என்று, அப்பா எதிரே நிற்கும்போதே.

இப்போது அவர் மாலையில் வந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொள்வார். ஒரு நாள் குழல் ஓசை கேட்டது. அவர் கத்தவில்லை. மறுநாளும் கத்தவில்லை. மூன்றாம் நாள் கதவு பாதி திறந்தது. பிறகொரு நாள் அவள் கூடத்துக்கே வந்து, அவருக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து வாசித்தாள். அவர் தலையை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தார். கண் பாதி திறந்திருந்தது. ஜன்னல் திரை காற்றில் உப்பி உப்பித் தணிந்தது. வீட்டுக்குள் இப்படி ஒரு மாலை வரும் என்று மூன்று பேருமே நினைத்திருக்கவில்லை.

"என் வீட்டுக்காரர யாரோ மாத்திக் குடுத்துட்டாங்க" என்று மனைவி தான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில் சொல்லிச் சிரித்தாள். சிரித்தாளே தவிர, அவளுக்கு உள்ளுக்குள் ஒரு முள் இருந்தது. நாள் முழுக்க மனிதர் முகத்தை அருகில் வைத்துப் பார்க்கிற வேலை அவளுடையது. கணவரின் கண்ணுக்குக் கீழே முகம் ஊதியிருப்பதையும், புருவ முடி உதிர்ந்திருப்பதையும், ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் காய் நறுக்கி முடித்துவிடலாம் என்பதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாங்க."

"எதுக்கு? இப்பதான் நான் மனுஷனா இருக்கேன். உனக்கு அது பொறுக்கலயா?" என்றார். கேள்வி காரமாக இருந்தாலும் குரலில் காரமே இல்லை.

அதற்குள் எடை இறங்குவதும் நின்றுவிட்டது. எடை மெஷினின் முள் ஒரே இடத்தில் ஆணி அடித்தாற்போல நின்றது. மச்சானுக்குப் போன் செய்தார்.

"மாமா, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் தைராய்டு மாத்திரை போடறாரு. அது போட்டா சூடு ஏறி மறுபடி கரையுமாம். வாங்கித் தரவா?"

மனைவி போனைப் பிடுங்கி, "டேய், உன் மெஷின்ல மட்டும் கை வை, என் புருஷன் மேல வைக்காத" என்று சொல்லி வைத்துவிட்டாள். கடுகு சாப்பாட்டை இன்னும் கொஞ்சம் குறைத்தார். மீன் துண்டு பாதியானது.

பனி மூடிய ஒரு காலையில் அது நடந்தது. கூண்டைச் சுற்றி ஒரே வெண்மை. கப்பலின் மேல்தளம் தெரிந்தது, மறைந்தது. தொப்பி சொன்னபடி அவர் ஒரு நீலப் பெட்டியைத் தூக்கினார். அது பனிக்குள்ளிருந்து நீரிலிருந்து எழுவது போல எழுந்தது. பாதி வானத்துக்கு வந்ததும் அவர் கை தானாக நின்றது.

பெட்டி மெல்ல ஆடியது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். யாரோ ஒரு குழந்தையைத் தூங்க வைக்கிறார்கள் என்று தோன்றியது. பெட்டிக்கு மேலே ஈரம் கோடு கோடாக வழிந்தது. அந்தக் கோடுகளில் ஒன்று இன்னொன்றைத் தொட்டுச் சேர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கோ யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். அந்த ஆள் பதில் சொன்னால் நன்றாக இருக்கும் என்று நினைத்தார். ஏன் அவர் பதில் சொல்லமாட்டேன் என்கிறார்?

"...கடுகு! யோவ் கடுகு! காத்து ஏறுதுய்யா! என்னய்யா பண்ற மேல?"

அந்த ஆள் தான்தான் என்று புரிந்தபோது, கீழே கரையில் இருந்தவர்களில் பலர் விலகி ஓடியிருந்தார்கள். பெட்டியின் ஆட்டம் பெரிதாகியிருந்தது. அதற்கு நேர் கீழே, கழன்ற கொக்கி ஒன்றைச் சரி செய்துகொண்டிருந்த இருவரைத் தொப்பி தோளைப் பிடித்து இழுத்து அப்புறப்படுத்திக்கொண்டிருந்தார். கடுகின் கைகளுக்கு வேலை தெரியும், யோசிக்க வேண்டியதில்லை. ஆட்டத்தின் போக்கிலேயே கூண்டை நகர்த்தி, ஆட்டத்தை அடக்கி, பெட்டியைப் பஞ்சு வைப்பது போலத் தரையில் வைத்தார். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தோம் என்று யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை. அந்தத் தெரியாமைதான் அவரைத் தூக்கிப் போட்டது. பல மாதங்களுக்குப் பிறகு முதல் தடவையாக அவர் நெஞ்சு வேகமாக அடித்தது.

கைப்பிடிகளைப் பூட்டினார். வாக்கிடாக்கியை எடுத்தார்.

"தொப்பி, நான் எறங்குறேன். வேற ஆள அனுப்பு."

"ஏன்யா, நல்லபடியாதான் வச்சுட்டியே. மேலதிகாரிக்கு நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். காத்துன்னு சொல்லிக்கலாம்."

"காத்து இல்ல. நான் அங்க இல்ல. எறங்கி வந்து நானே சொல்றேன்."

சொன்னார். அவரைக் கூண்டிலிருந்து மாற்றி, வடங்களுக்கு மசகு போடும் பட்டறையில் உட்கார வைத்தார்கள். மருத்துவச் சான்று கொண்டுவரும் வரை மேலே போகக்கூடாது. அன்று அவரே மனைவியிடம், "டாக்டர்கிட்ட போலாம்" என்றார்.

டாக்டர் அம்மா நிதானமானவர். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் அதைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் என்ன சாப்பிடுகிறார் என்பதை ஒன்று விடாமல் கேட்டார். மனைவிதான் பதில் சொன்னாள். கேட்டு முடித்ததும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இவ்வளவுதானா? எத்தனை மாசமா?"

"நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர். பசியே இல்ல" என்றார் கடுகு.

"பசி இல்லாம இருக்கறதும் தேவை இல்லாம இருக்கறதும் ஒண்ணு இல்லீங்க. கழுத்துல இருக்கே தைராய்டு சுரப்பி, அது அனுப்பற சரக்குல பெரும்பங்கு டி-ஃபோர்னு ஒண்ணு. அது சும்மா கையிருப்பு மாதிரி. உடம்புக்குள்ள போய் டி-த்ரீயா மாறினாதான் வேலை செய்யும். சூடு, சுறுசுறுப்பு, இதயம் அடிக்கற வேகம், குடல் அசையறது, எல்லாத்துக்கும் அது வேணும். மாவுச்சத்த ஒரேயடியா நிறுத்தி, மொத்தச் சாப்பாட்டையும் இப்படிச் சுருக்கினா, வெளிய பஞ்சம்னு உடம்பு முடிவு பண்ணிடுது. மாத்தற வேலையக் குறைச்சுடுது. இருக்கறத வச்சுக் காலத்த ஓட்டப் பாக்குது. அதனாலதான் எடையும் நின்னுபோச்சு."

"அப்ப தைராய்டு நோயா?"

"இல்ல. சுரப்பி நல்லா இருக்கு. மூளையிலேர்ந்து அதுக்குப் போற உத்தரவும் சரியா இருக்கு. டி-த்ரீ மட்டும் இறங்கியிருக்கு. உடம்பு தப்பு பண்ணல, உங்களக் காப்பாத்தத்தான் பாக்குது. அதனால மாத்திரை தேவையில்ல. யாராவது குடுத்தாலும் வாங்கிப் போட்டுடாதீங்க, இதயத்துக்கு ஆபத்து."

மனைவி கணவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஆனா என் மச்சான் இதேதான் பண்றான். குதிரை மாதிரி திரியறான்" என்றார் கடுகு.

"அவர் சோத்தத்தான் விட்டாரு, சாப்பாட்ட விடல. நீங்க ரெண்டையும் விட்டுட்டீங்க. அதோட எல்லா உடம்பும் ஒரே மாதிரி இல்ல. சிலருக்கு மாவு குறைஞ்சா ஒண்ணும் ஆகறதில்ல, சிலருக்கு இப்படி. கொஞ்சம் கொஞ்சமா சாப்பாட்டக் கூட்டுங்க. சோறு, கிழங்கு, பருப்பு, பழம், அளவா, ஆனா கண்டிப்பா. சர்க்கரையையும் எடையையும் கவனிச்சுக்கலாம், அதுக்குப் பட்டினி வேணாம். ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம்."

கடுகு எழவில்லை. தொண்டையைச் செருமினார்.

"டாக்டர், ஒரு விஷயம். எனக்குக் கோவம் அதிகம். இந்தக் கொஞ்ச நாளா இல்ல. அதுவும் இதனாலதானா? சாப்பிட்டா திரும்ப வந்துடுமா?"

டாக்டர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "சண்டை போடத் தெம்பு இல்லாதது சாந்தம் ஆயிடாது. ஆனா உங்களுக்கு வந்தது எது எவ்வளவுன்னு இந்தப் பரிசோதனை சொல்லாது. வந்தா வரும். அதுக்கு வேற வழி பாக்கணும். பட்டினி அதுக்கு மருந்து இல்ல."

அன்று மாலை மனைவி ஒரு தட்டில் கொஞ்சம் சோறும் பருப்பும் வேகவைத்த கிழங்கும் மீனும் வைத்தாள். ஆவி பறந்தது. கடுகு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை வைக்கவில்லை.

"சாப்பிடுங்க."

"வேணாம்."

"டாக்டர் சொன்னது காதுல விழலயா?"

"விழுந்துச்சு. இத சாப்பிட்டா பழைய ஆள் வந்துடுவான். அவன உங்க ரெண்டு பேருக்கும் பிடிக்காது. எனக்கும் பிடிக்கல. நான் பட்டறையிலயே இருந்துக்கறேன். குளிர்தானே, கம்பளி இருக்கு."

மனைவி எதிரே உட்கார்ந்தாள். கோபப்படுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் மெல்லத்தான் பேசினாள்.

"நீங்க கத்துவீங்க, சரி. காது வலிக்கும், மனசு வலிக்கும். அதுக்காக உங்க மேல எனக்கு வருத்தம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா பயந்ததில்ல. இப்ப பயப்படறேன். கூப்பிட்டா திரும்பமாட்டேங்கறீங்க. பக்கத்துல படுத்தா சில்லுன்னு இருக்கு. மூச்சு இருக்கான்னு கைய வச்சுப் பாத்திருக்கேன், தெரியுமா?"

அவருக்குத் தெரியாது.

மகள் வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்றும் தெரியாது. அவள் வந்து மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, நான் ஒண்ணு சொல்லவா? திட்டக்கூடாது."

"சொல்லு. திட்டறதுக்குத் தெம்பு எங்க இருக்கு."

"போன வாரம் வாசிச்சிட்டிருந்தேன் இல்ல, நடுவுல வேணும்னே நிறுத்திட்டேன். குழல மடியில வச்சுட்டு சும்மா உக்காந்திருந்தேன். நீங்க தலையாட்டிக்கிட்டே இருந்தீங்க. ரொம்ப நேரம். நான் வாசிக்கறதா நெனச்சு."

கடுகுக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. அந்த மாலைகள்தான் தன் வாழ்நாளிலேயே தான் மகளுக்குக் கொடுத்த நல்ல மாலைகள் என்று அவர் எண்ணியிருந்தார். அவள் அதைத் தெரிந்துகொண்டே மறுநாளும் வந்து அவர் எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.

"அப்புறம் ஏன் வாசிச்சே?"

அவள் தோளைக் குலுக்கினாள். "நீங்க பக்கத்துல இருந்தீங்க. அதுவே போதும்னு இருந்துச்சு. ஆனா போதல."

கடுகு தட்டை இழுத்துக்கொண்டார். முதல் வாய் சோறு நாக்குக்குப் புதிதாக இருந்தது. மென்றால் அடியில் ஓர் இனிப்பு. இந்தச் சாதாரணச் சோற்றில் இவ்வளவு இனிப்பா என்று மென்று மென்று பார்த்தார். கண் கலங்கியது. மனைவி தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டாள்.

சூடு ஒரே நாளில் திரும்பவில்லை. வெளியூரில் ரொம்ப நாள் இருந்துவிட்டு வருகிறவர் ஒவ்வோர் அறையாகத் திறந்து பார்ப்பது போல அது வந்தது. முதலில் பாதங்கள். ஒரு காலை போர்வைக்குள் கால் விரல்கள் தன்னுடையவையாக இருந்தன. பிறகு கைகள். பட்டறையில் மசகு போடும்போது வடத்தின் சொரசொரப்பு விரலில் தெரிந்தது. எப்போதோ அணைந்த பசியும் வந்தது, அதிகாரம் பண்ணிக்கொண்டே வந்தது. கம்பளிச் சட்டையின் பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கனவில் வருகிற ஊர் போல மங்கலாக இருந்த துறைமுகம் மெல்ல மெல்ல ஓரங்கள் கூர்மையாகி எதிரே வந்து நின்றது. இரும்பு, துரு, டீசல் நாற்றம், மனிதக் குரல்கள். அது அத்தனை அழகாக இல்லை. கொஞ்சம் ஏக்கமாகக்கூட இருந்தது.

எடையில் கொஞ்சம் திரும்ப ஏறியது. மச்சான் இதைப் பார்த்து, "மாமா, பெல்ட்ல ஒரு துளை பின்வாங்கிட்டீங்க போல" என்றான். "வாய மூடுறியா, உன் மெஷினுக்குள்ள உன்னப் போட்டு நாலு காப்பி எடுக்கவா?" என்று பட்டென்று வந்தது. வந்த வேகத்தில் அவரே திடுக்கிட்டு மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். மச்சான்தான், "அப்பாடா, வந்துட்டாரு" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

சிரிப்பாகவே போய்விடவில்லை. இரண்டாவது பரிசோதனையில் எல்லாம் சரியாகி, அவர் மறுபடி கூண்டுக்குப் போக ஆரம்பித்த வாரம், மகள் வகுப்பு முடிந்து நேரம் கழித்து வந்தாள். அவர் வாசலிலேயே வெடித்தார். பழைய குரல், பழைய சொற்கள். அவள் முன்பெல்லாம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். இந்தத் தடவை பையைக் கீழே போட்டுவிட்டு, அவருக்குச் சரிசமமாக நின்று கத்தினாள். பஸ் வரவில்லை என்றும், போனில் செய்தி அனுப்பியும் அவர் பார்க்கவில்லை என்றும், எதையும் கேட்காமல் கத்துவதற்கு ஒரு அப்பா எதற்கு என்றும் கத்தினாள்.

மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேர் கத்தறத இந்த வீடு தாங்காது. வெளிய போய்க் கத்திட்டு வாங்க" என்று கதவைத் திறந்துவிட்டாள்.

இருவரும் வெளியே வந்து நின்றார்கள். தெருவில் கத்த வெட்கமாக இருந்தது. அதனால் நடந்தார்கள், அவர் முன்னால், அவள் கொஞ்சம் பின்னால். கடற்கரைச் சுவர் வரை வந்ததும் இருவருக்கும் மூச்சு வாங்கியது. சுவர்மேல் உட்கார்ந்தார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் செம்பு நிறத்தில் கிடந்தது.

"செய்திய இப்பதான் பாத்தேன்" என்றார் அவர், போனைக் கையில் வைத்துக்கொண்டு. "என் மேலதான் தப்பு."

"ம்."

"கோவம் போவலம்மா. போயிடுச்சுன்னு நெனச்சேன். போவல. என்ன பண்றதுன்னு தெரியல. வாயத் தொறக்கறதுக்கு முன்னால ஒரு சுத்து நடந்துட்டு வரலாமான்னு பாக்கறேன்."

"நல்லாத்தான் நடக்கறீங்க. என்னால பிடிக்க முடியல."

தூரத்தில் ஒரு கப்பல் துறைமுகத்துக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. இரண்டு சிறிய இழுவைப் படகுகள் அதன் மூக்கைத் தொட்டுத் தொட்டுத் திருப்பின. அவர் அதைப் பார்த்தபடியே, அந்த மாதங்களில் கூண்டிலிருந்து தான் பார்த்ததை எல்லாம் அவளிடம் சொல்ல ஆரம்பித்தார். அசையாமல் நின்ற பறவைகள். யோசித்து யோசித்து ஒன்று சேர்ந்த வெளிச்சம். பனிக்குள்ளிருந்து எழுந்த நீலப் பெட்டி, அதன் முதுகில் வழிந்த ஈரக் கோடுகள். இப்படி அவர் யாரிடமும் பேசியதில்லை.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அதெல்லாம் நெஜமா அப்பா? இல்ல பட்டினியில தோணுச்சா?"

அவர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார்.

"பறவை நெஜம்தான். அது அங்கதான் இருந்துச்சு. நான்தான் இல்ல."

கப்பல் முழுதாகத் திரும்பிவிட்டது. அதன் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்பட, கரையில் யாரோ கப்பலிலிருந்து வீசும் கயிற்றைப் பிடிக்கக் கை நீட்டி நின்றார்கள். சுவரின் கல் பகல் வெயிலை இன்னும் பிடித்து வைத்திருந்தது. இருவரும் அதன்மேல் உள்ளங்கைகளை வைத்தபடி, கப்பலைக் கரையோடு கட்டி முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தார்கள்.